ஆள் இருந்தால் எரியும் விளக்கு

அண்ணனுக்கு வந்த அரசாங்கக் கடிதங்களில் படம் போட்டு வந்தது அது ஒன்றுதான். தபால்காரர் வந்தபோது நான் அவர்கள் வீட்டு முன்னறையில், அண்ணன் மகளுக்குத் தளர்வாக ஒரு அங்கி தைக்க அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் மாத இடுப்புக்கு அளவு எடுப்பதாவது! டேப்பைப் பிடித்துக்கொண்டு அவளைப் பிரதட்சணம் செய்ய வேண்டியிருந்தது. அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் அண்ணி உறையைக் கிழித்தாள்.

படத்தில் அண்ணன் ஓட்டுகிற வண்டியின் பின்பக்கம் பளிச்சென்று விழுந்திருந்தது. நம்பர், நனைந்த ரோடு, சந்திப்பில் சிவப்பு, அதைத் தாண்டிப் போகிற சக்கரம். கூரைமேல் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அண்ணிக்கு முகம் வெளுத்துப்போயிற்று.

"ஏங்க, இது அன்னைக்குத் திரும்பி வர்றப்ப எடுத்ததுதானே?"

"ஆமா," என்றார் அண்ணன்.

"காலியாத்தானே வந்தீங்க?"

"காலிதான்."

"அப்ப விளக்கு ஏன் எரியுது?"

அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் துடைக்க ஒன்றும் இல்லை.

அண்ணன் என்றால் எனக்குக் கூடப்பிறந்தவர் அல்ல. பக்கத்து வீடு. என் தையல் மிஷின் ஓடுகிற சத்தத்தில்தான் அவர் பகல் தூக்கம் தூங்குவார், அந்த உறவு. சவ வண்டி ஓட்டுகிறார். ஆஸ்பத்திரியிலிருந்து மயானம், சில நாள் வீட்டிலிருந்து மயானம். பிணம் என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. 'ஆள்' என்பார். காலையில் ஒரு ஆள், மத்தியானம் ரெண்டு ஆள். புதிதாகக் கேட்பவர்கள் ஏதோ கூலிக்கு ஆள் ஏற்றிப் போகிறார் என்றே நினைப்பார்கள்.

வண்டிக்குப் பின்னால், உருளைகளில் ஓடும் நீளத் தட்டு ஒன்று உண்டு. ஆளை அதில் கிடத்தி உள்ளே தள்ளினால், கனத்துக்கு அடியில் ஒரு பொத்தான் அமுங்கி, கூரையில் நீல விளக்கு எரியும். இறக்கினால் அணைந்துவிடும். விளக்கு எரிகிற வண்டி சிவப்பில் நிற்க வேண்டியதில்லை, அது சட்டமே. போகிறவரை வழியில் நிறுத்தி வைக்கக் கூடாது என்று எந்தப் புண்ணியவானுக்கோ தோன்றியிருக்கிறது. ஆனால் காலி வண்டியில் விளக்கைப் போட்டுக்கொண்டு சிவப்பைத் தாண்டினால் லைசென்ஸ் போய்விடும். கடிதத்தில் எழுதியிருந்தது அதைத்தான். அண்ணனுக்கு வேறு தொழில் தெரியாது. லைசென்ஸ் போனால் அந்த வீட்டில் அடுப்பு எரிவது அண்ணி துவைக்கிற துணியை நம்பித்தான்.

அண்ணிக்கும் அதே தொழிலில்தான் வேலை. தட்டில் விரிக்கும் வெள்ளைத் துணிகளை ஆஸ்பத்திரி மூட்டையாகக் கொடுத்தனுப்பும். கொல்லையில் பெரிய அண்டாவில் சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்து, கட்டையால் புரட்டி, மூன்று தண்ணீரில் அலசிக் காயப்போடுவாள். ஈரத்துணியை மடிக்க ஒரு முனையை நான் பிடிக்க வேண்டும். கிழிசல் இருந்தால் என் மிஷினுக்கு வரும். அந்த மழையில் துணி காயாமல் வீடு முழுக்கக் கொடி கட்டி, குனிந்து குனிந்துதான் சமையலறைக்குப் போக வேண்டியிருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அண்ணனும் நானும் வண்டியிலேயே மெக்கானிக்கிடம் போனோம். அந்த விளக்கையும் பொத்தானையும் மாட்டிக் கொடுத்தவர் அவர்தான். தட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, வயரை ஒவ்வொரு முழமாகத் தடவிப் பார்த்தார். தண்ணீரை ஊற்றச் சொன்னார். ஊற்றினோம். விளக்கு எரியவில்லை. எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"வயர்ல ஒண்ணும் இல்லண்ணே."

"மழைத்தண்ணி இறங்கி எரிஞ்சிருக்கலாம்னு கோர்ட்டுல வந்து ஒரு வார்த்தை சொல்லிடு. போதும்."

"நான் போட்ட வயருண்ணே அது. அதுல தண்ணி இறங்கும்னு நானே போய்ச் சொல்லவா? அப்புறம் எவன் எங்கிட்ட வண்டி விடுவான்?"

"அண்ணனோட பொழைப்புப்பா," என்றேன் நான்.

"எனக்கும் இதுதாங்க்கா பொழைப்பு." அப்புறம் குரலை இறக்கி, "பொத்தான் நல்லா இருக்கு. வயர் நல்லா இருக்கு. கனம் இல்லாம அது எரியாது. நீங்க வேணா யாரையாச்சும் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க" என்றார். மந்திரிக்கிற ஆளைத்தான் சொல்கிறார் என்று எங்கள் இருவருக்கும் புரிந்தது. அண்ணன் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அண்ணிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே கணக்குப் போட்டு முடித்திருந்தாள். அன்றைக்கு அண்ணன் கொண்டுபோனது ஒரு கிழவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்து செத்தவர். கேட்க நாதி இல்லை.

"கடைசியா அவரு முகத்தைப் பார்த்தது இவரு ஒருத்தர்தான். போர்வையை இழுத்து விட்டிருப்பாரு, பாத்துப் போங்கய்யான்னு ரெண்டு வார்த்தை பேசியிருப்பாரு, இவருதான் பேசுவாரே. போக்கிடம் இல்லாத ஆளு. ஒட்டிக்கிட்டாரு. இறக்கினாங்க, ஆனா அவரு இறங்கலை. கூடவே வந்துட்டாரு."

"வந்து என்ன பண்ணப் போறாரு அண்ணி? துணி மடிக்க ஒரு ஆள் குறையுது, வரட்டுமே."

"நீ சிரி நாத்தனாரே. உனக்கென்ன. நிறைமாசமா வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கிறது எம் பொண்ணு. ஏற்கனவே ஒண்ணைக் குடுத்துட்டோம்."

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. போன மழைக்கு அவள் மகளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒரு பகல் பொழுதுதான் இருந்தது. வயிற்றைக் கிழித்து எடுத்ததால் தாய் மயக்கத்தில் கிடந்தாள். அவள் கண் விழிப்பதற்குள் குழந்தை போய்விட்டது. அண்ணனே தன் வண்டியில் கொண்டுபோய்விட்டு வந்தார். தாய் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. முகம் எப்படி இருந்தது என்று அவள் யாரிடமும் கேட்டதாக எனக்குத் தெரியாது. மருமகன் கப்பலில் வேலை. சேதி அவருக்குப் போய்ச் சேர்ந்ததே பல நாள் கழித்து.

அண்ணி வீட்டை ஒட்டிய கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வண்டி இனி உள்ளே வரக் கூடாது. அண்ணன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் எதிர்ச்சாரியில், மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினார். மழை அதன்மேல் கொட்டிக்கொண்டே இருந்தது.

அங்கே நிற்கும்போதுதான் அது எரிய ஆரம்பித்தது. முதலில் பார்த்தது நான். பட்டப்பகல். மிஷினில் ஊசி கோத்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், பூட்டிய வண்டியின் கூரையில் நீலமாக எரிகிறது. கொஞ்ச நேரம் எரிந்தது. அணைந்தது. காலையில் ஒரு தரம், உச்சியில் ஒரு தரம், விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு தரம். நாளாக ஆக, அது எரிகிற நேரம் எனக்கே அத்துப்படியாகிவிட்டது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. என் வீட்டுக்காரர் போன பிறகு ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கேட்க என்னிடம் நிறைய இருந்தது. வயர் நனைந்திருக்கிறது, மெக்கானிக் வீம்புக்காரன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் என் மிஷினை ஜன்னலோரத்திலிருந்து இழுத்துச் சுவரோரம் போட்டுக்கொண்டேன்.

அண்ணி ஜன்னல்களை அடைத்தாள். மகள் மட்டும் ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள். அங்கியைப் போட்டுப் பார்க்கச் சொல்லப் போனபோது என்னிடம் மெல்லச் சொன்னாள்.

"அத்தை, அம்மாகிட்ட சொல்லாதீங்க. அந்த விளக்கு எரியறப்பல்லாம் எனக்குப் பால் கசியுது."

"கடைசி மாசத்துல சில பேருக்கு அப்படித்தான்டி."

"விளக்கு அணைஞ்சா நின்னுடுது."

நான் அங்கியின் மார்புப் பக்கத்தில் உள்ளே ஒரு துணி வைத்துத் தைத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

கோர்ட்டுக்குப் போகிற நாள் அண்ணியால் மகளை விட்டு நகர முடியாது. என்னைப் போகச் சொன்னாள். "அங்க என்ன பேசினாங்கன்னு ஒரு எழுத்து விடாம வந்து சொல்லணும். இவரு எனக்கு நல்ல வார்த்தையா மாத்திச் சொல்லுவாரு." அண்ணனிடம் திரும்பி, "காலின்னு சொல்லுங்க. வயர் கோளாறுன்னு சொல்லுங்க. நம்பலைன்னா லைசென்ஸை எடுத்துக்கட்டும். ஆள் இருந்ததுன்னு மட்டும் உங்க வாயில வரக் கூடாது. சபையில சொல்லிட்டா அது உண்மையாப் போயிடும்" என்றாள்.

"சரி," என்றார் அண்ணன்.

அந்த வண்டியிலேயே போனோம். வழியில் ஒவ்வொரு சிவப்பிலும் நின்றார். வெகு தூரத்திலிருந்தே காலைத் தளர்த்தி, வண்டி நின்றதே தெரியாமல் நிறுத்தினார்.

"ஏண்ணே, பின்னாடி முட்டை ஏத்தியிருக்கீங்களா?"

"பழக்கம்மா," என்றார். வழக்கமாக இதற்கெல்லாம் சிரிக்கிறவர்.

கோர்ட்டில் அன்றைக்கு முழுக்க ரோட்டு வழக்குகள். பெஞ்சு நிறைய ஈரக்குடை, ஈரத் தலை. ஒவ்வொருத்தராகக் கூப்பிட, "ஒத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். நீதிபதி அம்மாவுக்குக் கடும் ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் முறை வந்தது.

"ஒத்துக்கிறீங்களா?" குமாஸ்தா நிமிராமல் கேட்டார்.

"இல்லைங்க."

குமாஸ்தா நிமிர்ந்தார். பெஞ்சில் இருந்தவர்களும் நிமிர்ந்தார்கள். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகிற கவலை எல்லார் முகத்திலும் தெரிந்தது.

போலீஸ் தரப்பில் ஒருவர் எழுந்து படத்தைக் கொடுத்தார். "மயானத்துல விசாரிச்சோம்மா. ஆளை இறக்கிட்டு வண்டி காலியாப் போச்சுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. காலி வண்டியில விளக்கைப் போட்டுக்கிட்டு சிவப்பைத் தாண்டியிருக்கார்."

"என்ன சொல்றீங்க?" என்று நீதிபதி அம்மா அண்ணனைக் கேட்டார்.

"காலிதாம்மா. மழைத்தண்ணி வயர்ல இறங்கி விளக்கு தானா எரிஞ்சிருக்கு. நான் போடலை."

"மெக்கானிக் யாராவது வந்திருக்காங்களா?"

"வரலைம்மா. அவருக்கு மனசு இல்லை."

"சரி. விளக்கு தானா எரிஞ்சுது. வண்டியும் தானாவா போச்சு?"

பெஞ்சில் சிரித்தார்கள். அண்ணன் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இத்தனை வருஷத்துல உங்க மேல ஒரு வழக்கு இல்லை. அன்னைக்கு ஏன் நிக்கலை? அவசரமா?"

"இல்லம்மா."

"பிரேக் பிடிக்கலையா?"

"பிரேக் நல்லாத்தான் இருந்துச்சும்மா."

"பின்ன ஏன் பிடிக்கலை?"

"பிடிச்சா குலுங்கும்மா."

"குலுங்கினா என்ன?"

"முழிச்சுக்கும்."

சிரிப்பு நின்றது. நீதிபதி அம்மா கைக்குட்டையைக் கீழே வைத்தார். "யாரு?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு எழுத்து விடாமல் சொல்ல வேண்டியவள் நான். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மறுபடி முன்னால் பார்த்து, மேஜைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"போன மழைக்கு எம் பொண்ணுக்கு ஒரு பிள்ளை பொறந்துச்சும்மா. அன்னைக்கே போயிடுச்சு. நான்தான் கொண்டுபோனேன். தட்டுல வைக்க மனசு வரலை. அவ்ளோ நீளத் தட்டுல அதை எங்கன்னு வைக்கிறது? மடியில வச்சுக்கிட்டு ஓட்டினேன். தட்டுல கனம் இல்லைன்னா விளக்கு எரியாது. விளக்கு இல்லைன்னா நிக்கணும். வழியில இருந்த எல்லா சிவப்புலயும் நின்னேம்மா. நிக்கிறப்பல்லாம் ஒரு ஆட்டம் ஆடும், பிள்ளை மடியில அசையும். பச்சை விழுந்து ஒரு நொடி தாமதிச்சா பின்னாடி இருக்கிறவன் ஹாரன் அடிப்பான். ஊர்ல இருக்கிற அத்தனை பேரையும் நிக்காம கொண்டுபோய் விட்டவன், அதை மட்டும் நின்னு நின்னு கொண்டுபோனேன்."

யாரோ குடையை நழுவவிட்டார்கள். எடுக்கவில்லை.

"இப்ப அந்தப் பெரியவரை இறக்கிட்டுத் திரும்பறேன். நல்ல மழை. கொஞ்ச தூரம் வந்ததும் தெரிஞ்சுது. பின்னாடி கனம் ஏறினா எனக்குப் பெடல்லயே தெரியும்மா. பெரிய ஆள் கனம் இல்லை. ஒரு கை கனம். நான் திரும்பிப் பார்க்கலை. சிவப்பு விழுந்துச்சு. இந்தத் தடவை நிக்க மாட்டேன்னு போயிட்டேன்."

"அப்ப வண்டி காலி இல்லை."

"இல்லம்மா."

"முன்னாடி காலின்னு சொன்னீங்க?"

"வீட்டுல அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க."

குமாஸ்தா பேனாவைப் பிடித்தபடி நீதிபதி அம்மாவைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, "ஆள் இருந்ததுன்னா பேர் எழுதணும்" என்றார்.

"வைக்கலைங்க," என்றார் அண்ணன்.

நீதிபதி அம்மா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துத் தானே எழுதினார். எழுதி முடித்து வாசித்தார். "வண்டியில் ஆள் இருந்தது. விலக்கு உண்டு. விடுதலை."

போலீஸ்காரர் பாதி எழுந்தார். "அம்மா, மயானத்துல எழுதிக் குடுத்திருக்கிறது..."

"அவங்க இறக்கினதை எழுதியிருக்காங்க. ஏறினதை எழுதலை. அடுத்து."

அவர் நம்பினாரா, இரக்கப்பட்டாரா, ஜலதோஷத்தில் சீக்கிரம் முடித்துக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. நான் இன்றைக்கும் மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன்.

திரும்பும்போது லைசென்ஸ் அண்ணன் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. அதற்காக நான் சந்தோஷப்பட வேண்டும். அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். பெரிய சந்திப்பில் சிவப்பு. மழைக்கோட்டுப் போட்ட போக்குவரத்துக் காவலர் நடுரோட்டில் நின்றிருந்தார். எங்கள் வண்டியைப் பார்த்ததும் குறுக்கே வந்த வண்டிகளைக் கை காட்டி நிறுத்தினார். எங்களைப் போகச் சொன்னார். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, நாங்கள் கடக்கும்வரை நனைந்தபடி நின்றார்.

எதற்காக என்று எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. விளங்கியதும் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு தகடு, அதற்கு அந்தப் பக்கம் தட்டு. நான் திரும்பவில்லை. அண்ணன் குழி பார்த்து, மேடு பார்த்து, மெல்ல மெல்ல ஓட்டினார்.

அண்ணி வாசலிலேயே நின்றிருந்தாள். வண்டி எதிரே மரத்தடியில் நின்றது. கூரையில் நீலம் எரிந்தது. அவள் அதையே பார்த்தபடி கேட்டாள்.

"என்ன சொன்னாங்க? காலின்னு சொன்னாரா?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். லைசென்ஸ் தப்பித்துவிட்டது என்பதோடு முடித்திருக்கலாம். ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று. ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். நின்று நின்று கொண்டுபோனதைச் சொன்னேன். ஒரு கை கனம் என்றதைச் சொன்னேன். பேர் கேட்டதைச் சொன்னேன். அண்ணன் கொஞ்சம் தள்ளி, தலையில் மழை விழ, தப்புச் செய்த பிள்ளைபோல நின்றுகொண்டிருந்தார்.

அண்ணி கேட்டு முடித்தாள். அவள் அலறுவாள், மயங்கி விழுவாள் என்று தாங்கிப் பிடிக்கத் தயாராக நான் கிட்டே போனேன். அவள் புருஷனைப் பார்த்தாள். அந்த வீட்டில் அத்தனை கோபத்தை நான் பார்த்ததில்லை.

"பிள்ளைன்னு தெரிஞ்சேவா?"

அண்ணன் தலையில் விழுந்த மழையைத் துண்டால் துடைத்தார்.

"தெரிஞ்சேவா இத்தனை நாளும் மழையில, ரோட்டுல போட்டு வச்சிருந்தீங்க?"

"நீ பயப்படுவேன்னுதான்..."

"நான் அந்தக் கிழவர்னு நினைச்சுல்ல கதவை அடைச்சேன்! நம்ம பிள்ளைக்கா அடைப்பேன்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பச்சை உடம்பு, இப்படி ஈரத்துல..." ரோட்டில் இறங்கி விடுவிடுவென்று நடந்தாள். நான் குடையை விரித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

பின்கதவைத் திறந்தாள். உள்ளே தட்டு நீளமாக, துடைத்து வைத்தபடி இருந்தது. அதன்மேல் ஒன்றும் இல்லை. இதை நான் என் கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன். அண்ணி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். குனிந்தாள். இரண்டு கையையும் தட்டின்மேல் தாழ்த்தி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு கைகளை மார்போடு சேர்த்து மடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தாள். எங்கள்மேல் விழுந்துகொண்டிருந்த நீல வெளிச்சம் அணைந்தது.

அண்ணன் கதவை ஓசைப்படாமல் சாத்தினார். ரோட்டைக் கடந்து வந்தோம். மகள் வாசல்படியில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அங்கியின் முன்பக்கம் நான் வைத்துத் தைத்த துணியையும் மீறி நனைந்திருந்தது. அம்மா வர வழிவிட்டு ஒதுங்கினாள். ஒதுங்கிக்கொண்டே, மடித்திருந்த அந்தக் கைகளை எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மா, தலையைத் தாங்கிப் பிடிங்க."

நான் குடையை அண்ணியின் தலைக்கு மேலிருந்து நகர்த்தி, அவள் கைகளுக்கு மேலே பிடித்தேன்.